ஆயிரம் படிக்கு எத்தனை லிட்டர் ஆக்சிஜன்?

கொல்லிமலையில் அறப்பளீசுவரர் கோயிலருகே தொடங்கி ஆகாய கங்கை அருவிக்குப் போகும் படிகள் ஆயிரத்துக்கும் மேல். மலைக்கோயில்களில் ஏறிவிட்டு இறங்குவது வழக்கம். இங்கே இறங்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். கணக்கு வசதிக்காகப் படிகள் 1,000, படி ஒன்றின் உயரம் 18 செ.மீ. என்று கொள்வோம். செங்குத்து ஏற்றம் 180 மீட்டர். 50 கிலோ எடையுள்ள, 30 வயதுப் பெண் ஒருவர் தம் உடலை அந்த உயரத்துக்குத் தூக்கிவரச் செய்யும் வேலை 88 கிலோஜூல், அதாவது 21 கிலோகலோரி.

செலவு அதைப் போல நான்கு மடங்கு. நல்ல நிலையில் இயங்கும் தசையின் திறன் 25 சதவீதத்தை ஒட்டியே நிற்கும்; மிச்சம் 75 சதவீதம் வெப்பமாகப் போய்விடும். எனவே 88 கிலோஜூல் வேலைக்கு 353 கிலோஜூல், அதாவது 84 கிலோகலோரி எரிய வேண்டும். 1 லிட்டர் ஆக்சிஜன் செலவானால் ஏறத்தாழ 20 கிலோஜூல் கிடைக்கும். ஆகவே படி ஏற்றத்துக்கு மட்டும் தேவை 17.6 லிட்டர் ஆக்சிஜன்; எடையில் 25 கிராம்.

எரிபொருள், ஆக்சிஜன் ஆகிய இரண்டு சரக்கில் எரிபொருளுக்குத் தட்டுப்பாடே இல்லை. 84 கிலோகலோரி என்பது 25 கிராம் அரிசியில் இருக்கும் ஆற்றல். அந்தப் பெண்ணின் எடையில் 25 சதவீதம் கொழுப்பு என்று வைத்தால், 12.5 கிலோ கொழுப்பைக் கொண்டு ஆயிரம் முறைக்கு மேல் ஏறலாம். ஆக்சிஜன் அப்படியல்ல. நுரையீரலில் தங்கிய காற்று, ரத்தம், தசை எல்லாம் சேர்ந்து உடலின் கையிருப்பு 1 முதல் 1.5 லிட்டர். 20 நிமிடத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 882 மில்லிலிட்டர். சும்மா இருந்தாலே செலவாகும் 175 மில்லிலிட்டரையும் சேர்த்தால் 1,057 மில்லிலிட்டர். கையிருப்பு ஒன்றரை நிமிடத்துக்குக்கூட வராது. நுரையீரல், ரத்தம், இதயம், தசை ஆகியவை ஒன்றுக்கொன்று எப்படி ஈடு கொடுக்கின்றன என்பதை இந்த 1,057 என்ற எண்ணைப் பின்தொடர்ந்தே பார்த்துவிடலாம்.

முதலில் காற்று. நாமக்கல் ஊர் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலைமேல் சேர்ந்தால் உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். வளிமண்டல அழுத்தம் 200 மீட்டரில் 742 மி.மீ. பாதரசம், 1,200 மீட்டரில் 658. குறைவு 11 சதவீதம். அதே அளவு ஆக்சிஜனுக்கு அங்கே 13 சதவீதம் கூடுதல் காற்றை இழுக்க வேண்டும். கீழே நிமிடத்துக்கு 27 லிட்டர் மூச்சு போதும் என்றால் மேலே 30 லிட்டருக்குச் சற்று மேல். ஓய்வில் இருப்பவருக்கு 6 லிட்டர் போதும். உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும் இந்தக் கூடுதல் 3 லிட்டரை ஓசையில்லாமல் கொடுத்துவிடுகின்றன.

அடுத்தது ரத்தம். இங்கே எண்கள் வேறு விதமாக நடந்துகொள்கின்றன. நுரையீரல் நுண்ணறைகளில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் நாமக்கல்லில் கணக்குப்படி 96 மி.மீ.; கொல்லிமலையில் 78 மி.மீ. குறைவு 19 சதவீதம். ஆனால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனால் நிறைவது 97 சதவீதத்திலிருந்து 95 அல்லது 96க்கு மட்டுமே இறங்கும். அழுத்தத்தில் 19 சதவீத இழப்பு, சரக்கில் 1 முதல் 2 சதவீத இழப்பாகச் சுருங்கிவிடுகிறது. இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பது ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாவது ஹீமோகுளோபினின் அளவு.

1 கிராம் ஹீமோகுளோபின் முழுதாக நிறைந்தால் 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். டெசிலிட்டருக்கு 13 கிராம் உள்ள ரத்தம், 96 சதவீத நிறைவில், லிட்டருக்கு 167 மில்லிலிட்டர் சுமக்கிறது. 9 கிராம் உள்ள ரத்தம் 116 மில்லிலிட்டர். வித்தியாசம் 51 மில்லிலிட்டர், 31 சதவீதம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இந்த இருவருக்குமே 96 என்றுதான் காட்டும். அது அளப்பது வண்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதை; எத்தனை வண்டி ஓடுகிறது என்பதை அல்ல. கிராம சுகாதாரச் செவிலியர் கீழ் இமையை விரலால் விலக்கி உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பதில் துல்லியம் இல்லை. ஆனாலும் அந்தக் கருவி சொல்லாத செய்தியை அது சொல்லக்கூடும்.

உட்கார்ந்திருக்கும்போது இந்த 31 சதவீதம் வெளியே தெரியாது. 13 கிராம் உள்ளவர் நிமிடத்துக்கு 4.2 லிட்டர் ரத்தத்திலிருந்து தமக்கு வேண்டிய 175 மில்லிலிட்டரை எடுக்கிறார். இது சுமையில் 25 சதவீதம். 9 கிராம் உள்ளவரும் அதே 4.2 லிட்டரிலிருந்து அதே 175 மில்லிலிட்டரை எடுக்கலாம். ஆனால் அது சுமையில் 36 சதவீதம். திரும்பி வரும் ரத்தத்தில் மிச்சம் குறையும், அவ்வளவே. சோகை உள்ள பலர் தமக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்வதை நான் பொய்யாக எடுத்துக்கொள்வதில்லை. உட்கார்ந்த நிலையின் கணக்கில் உண்மையிலேயே குறை இல்லை.

படியில் கணக்கு மாறுகிறது. உழைக்கும்போது ரத்தத்தின் சுமையில் 60 சதவீதம் வரை உடல் எடுத்துக்கொள்கிறது, இதயம் ஒரு துடிப்புக்கு 80 மில்லிலிட்டர் தள்ளுகிறது என்று கொள்வோம். 20 நிமிட ஏற்றத்தில் நிமிடத்துக்கு 1,057 மில்லிலிட்டர் ஆக்சிஜன் கொடுக்க, 13 கிராம் உள்ளவருக்கு 10.5 லிட்டர் ரத்தம் ஓட வேண்டும், நாடித்துடிப்பு 132. 9 கிராம் உள்ளவருக்கு 15.2 லிட்டர், நாடித்துடிப்பு 190. முப்பது வயதில் இதயத்தின் உச்ச வேகம் 220இல் 30 போக 190 என்பது வழக்கமான தோராயம். அதாவது முதலாமவர் பேசிக்கொண்டே ஏறும் வேகத்தில் இரண்டாமவர் தம் உச்சவரம்பைத் தொட்டுவிடுகிறார்.

நேரத்தைக் கூட்டினால் கணக்கு இளகும். 30 நிமிடத்தில் ஏறினால் தேவை நிமிடத்துக்கு 763 மில்லிலிட்டர். 13 கிராம் உள்ளவரின் நாடித்துடிப்பு 95. 9 கிராம் உள்ளவருக்கு 137. முன்னவர் 20 நிமிடத்தில் ஏறும்போது காணும் 132ஐ ஒட்டிய எண் இது. டெசிலிட்டருக்கு 4 கிராம் ஹீமோகுளோபினின் விலை, இந்தப் படிகளில், 10 நிமிடம். கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஐம்பது படிக்கு ஒருமுறை நிற்பவர் சோம்பேறி அல்ல. அவருடைய இதயம் தவணை கேட்கிறது. (சோகை நீடிக்கும்போது ரத்தம் நீர்த்துச் சுலபமாக ஓடும், துடிப்புக்குத் தள்ளும் அளவு கூடும், சிவப்பணு ஆக்சிஜனைத் தளர்வாக விடும். ஆகவே உண்மையான நாடித்துடிப்பு 190ஐவிடச் சற்றுக் குறைவாக இருக்கக்கூடும். திசை மாறாது.)

ஓடும் ரத்தம் எங்கே போகிறது என்பதும் மாறுகிறது. பாடநூல்கள் தரும் எண்கள் 70 கிலோ ஆணுக்கானவை. ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர்: குடலும் கல்லீரலும் 25 சதவீதம், சிறுநீரகங்கள் 20, எலும்புத் தசைகள் 20, மூளை 15, இதயத் தசை 5. கடும் உழைப்பில் 25 லிட்டர்: தசைகளுக்கு 80 முதல் 85 சதவீதம், அதாவது 1 லிட்டரிலிருந்து 20 லிட்டருக்கு. மூளையின் பங்கு 15 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகிறது. ஆனால் 5இல் 15 சதவீதமும் 25இல் 3 சதவீதமும் ஒரே 750 மில்லிலிட்டர்தான். பங்கு ஐந்தில் ஒன்றாகியும் அளவில் ஒரு சொட்டுக் குறையவில்லை. விட்டுக்கொடுப்பவை குடலும் சிறுநீரகமும். கோயிலில் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு அருவிக்கு இறங்குபவர்கள் திரும்பும்போது இதைத் தங்கள் விலாவில் உணர்வார்கள்.

இதயத்துக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் சேமிப்பு இல்லை. மற்ற உறுப்புகள் ஓய்வில் ரத்தத்தின் சுமையில் சராசரியாக 25 சதவீதம் எடுக்க, இதயத் தசை ஓய்விலேயே 70 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடுகிறது. கூடுதலாக உறிஞ்ச இடமில்லை. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமானால் கூடுதல் ரத்தம் வந்தாக வேண்டும். எடையில் உடலின் 0.5 சதவீதம் உள்ள உறுப்பு, மெலிந்த ரத்தத்தை மற்றவர்களுக்காக வேகமாகத் தள்ளும் அதே வேளையில், தனக்கும் அந்த மெலிந்த ரத்தத்தையே வாங்கிக்கொள்கிறது. சோகையின் செலவு கடைசியில் இதயத்தின் பெயரில் எழுதப்படுவது இதனால்தான்.

வீணான 75 சதவீத வெப்பத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 265 கிலோஜூல். வெளியேறாவிட்டால் 50 கிலோ உடலின் வெப்பநிலை 1.5 டிகிரி செல்சியஸ் உயரும். 1 கிராம் வியர்வை ஆவியானால் 2.4 கிலோஜூல் போகும். முழுவதும் வியர்வையாலேயே தணிய 110 மில்லிலிட்டர் போதும். அரை டம்ளர் தண்ணீர். மலைக்காற்றும் அருவிச் சாரலும் அதில் ஒரு பகுதியைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

மறுபடி ரத்தத்துக்கு வருவோம். அது சுமக்கும் ஆக்சிஜன் குறைந்தால் அதைக் கண்டுபிடிப்பது நுரையீரலும் அல்ல, இதயமும் அல்ல, சிறுநீரகம். இரண்டும் சேர்ந்து 300 கிராம், உடலின் 0.5 சதவீதம். ஓய்வில் பெறும் ரத்தம் 20 சதவீதம். செலவழிக்கும் ஆக்சிஜனோ உடலின் மொத்தத்தில் 7 சதவீதம்தான். எடுப்பது மிகக் குறைவாக இருப்பதால், வந்த ரத்தத்தின் தரத்தைத் தன் சொந்தப் பசியால் கெடுக்காமல் அளக்க முடிகிறது என்று உடலியலாளர்கள் விளக்குகிறார்கள். அளந்து, எரித்ரோபொய்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது போய்ச் சேருமிடம் எலும்பு மஜ்ஜை.

மஜ்ஜையின் உற்பத்தி நொடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்கள். ஒரு நாளைக்கு 17,280 கோடி. சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். பெருக்கினால் 20.7 லட்சம் கோடி. வளர்ந்த மனித உடலில் இருப்பதாகச் சொல்லப்படும் 20 முதல் 25 லட்சம் கோடியோடு இது பொருந்துகிறது. ஓர் அணுவில் 30 பிகோகிராம் ஹீமோகுளோபின். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு. எனவே மஜ்ஜையின் தினசரி இரும்புத் தேவை ஏறத்தாழ 18 மில்லிகிராம். குடல் ஒரு நாளில் உறிஞ்சுவதோ 1 முதல் 2 மில்லிகிராம். பாக்கி 90 சதவீதம் எங்கிருந்து வருகிறது? முதிர்ந்த சிவப்பணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் உடைத்து எடுத்துத் தரும் பழைய இரும்பிலிருந்து. நாள்தோறும் புதிதாக வாங்குவது பத்தில் ஒன்றுதான் என்பதால், அந்தப் பத்தில் ஒன்று மாதக்கணக்கில் தவறினாலும் உடனே தெரியாது. தெரியும்போது கையிருப்பு காலியாகியிருக்கும்.

சோகை என்று எதைச் சொல்வது என்பதிலும் கொல்லிமலைக்குத் தனிக் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, கருவுறாத வளர்ந்த பெண்ணுக்கு டெசிலிட்டருக்கு 12 கிராம். உயரத்தில் வாழ்பவர்களுக்கு இயல்பாகவே ஹீமோகுளோபின் கூடும் என்பதால் வரம்பும் கூட்டப்படும். பழைய அட்டவணையில் 1,000 மீட்டருக்கு 0.2 கிராம், வரம்பு 12.2. 2024இல் வந்த புதிய வழிகாட்டுதலில் 1,000 முதல் 1,499 மீட்டர் வரை 0.8 கிராம், வரம்பு 12.8. ஒரு பயிற்சிக் கணக்காக, பெண்களின் சராசரி 12 கிராம், திட்டவிலக்கம் 1.5 கிராம் என்று கொண்டால், உயரத்தைக் கருதாதபோது 50 சதவீதம் பேர் சோகை உடையவர்கள். பழைய திருத்தத்தில் 55 சதவீதம். புதிய திருத்தத்தில் 70 சதவீதம். யாருடைய ரத்தத்திலும் ஒரு துளி மாறவில்லை. மலையில் இனி வரும் கணக்கெடுப்புகள் உயர்ந்த விகிதத்தைக் காட்டினால், எந்த வரம்பை வைத்து அளந்தார்கள் என்று கேட்ட பிறகே கவலைப்பட வேண்டும்.

வரம்பு எதுவானாலும் மாநிலத்தின் எண் பெரியது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சோகை உள்ளவர்கள் 2015-16இல் 55 சதவீதம், 2019-21இல் 53.4 சதவீதம். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளில் 1.6 புள்ளி குறைவு. அதே காலத்தில் இந்திய அளவில் 53.1இலிருந்து 57க்கு ஏறியது. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடமோ 50.7இலிருந்து 57.4 சதவீதமாகக் கூடியது. தாய்மார்களின் எண் சற்று இறங்க, பிள்ளைகளின் எண் 6.7 புள்ளி ஏறியிருக்கிறது. சோகை அனைத்தும் இரும்புக் குறையால் வருவதல்ல; குடற்புழு, தொற்று, பி12 குறை, பரம்பரைக் கோளாறுகளும் உண்டு.

இனி, உள்ளே வரும் இரும்பு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்த அளவு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம், ஆணுக்கு 19. மலையில் ஒரு காலத்தில் முதன்மையாக இருந்தவை கேழ்வரகு, சாமை, தினை. 2017ஆம் ஆண்டு இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் இரும்பு 4.62 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் 0.65. ஏழு மடங்கு. சாமையில்தான் சிக்கல்: பழைய அட்டவணை 9.3 என்றது, 2017 அட்டவணை 1.26 என்கிறது. ஒட்டியிருக்கும் மண், தீட்டும் அளவு, ஆய்வு முறை ஆகிய மூன்றுமே காரணமாகலாம். சாமையில் இரும்பு கொட்டிக்கிடக்கிறது என்று எழுதுபவர்கள் எந்த அட்டவணையைப் பார்த்தார்கள் என்பதையும் எழுதினால் நல்லது.

சிறுதானியம் விளைந்த நிலங்களில் கணிசமான பகுதி சேகோ ஆலைகளுக்கான குச்சிக்கிழங்குக்கு மாறிவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களுக்காக உழைப்பதற்கு இந்த மாற்றமே பின்னணி. கிழங்கு விற்ற பணத்தில் வீட்டுக்கு வருவதும், ரேஷனில் வருவதும் அரிசி. இரும்பு செறிவூட்டிய அரிசியில், விதிப்படி, கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு இருக்க வேண்டும். நாளுக்கு 300 கிராம் உண்டால் 8.4 முதல் 12.75 மில்லிகிராம், தேவையான 29இல் 29 முதல் 44 சதவீதம். கஞ்சியை வடித்து ஊற்றினால் எவ்வளவு மிஞ்சும் என்பது சமைக்கும் விதத்தைப் பொறுத்தது.

9 கிராமிலிருந்து 13 கிராமுக்கு உயர எவ்வளவு இரும்பு வேண்டும்? 50 கிலோ உடலில் ரத்தம் 3.25 லிட்டர். 4 கிராம் வீதம் 130 கிராம் ஹீமோகுளோபின். 442 மில்லிகிராம் இரும்பு. செறிவூட்டிய அரிசியிலிருந்து 8 சதவீதம் உறிஞ்சப்பட்டால் நாளுக்கு 0.67 முதல் 1.02 மில்லிகிராம், இழப்பு எதையும் கழிக்காமலே 433 முதல் 660 நாள் ஆகும். அரிசி தடுப்புக்கு உதவலாம். ஏற்பட்டுவிட்ட பற்றாக்குறையை அடைக்க மாத்திரைதான் வழி.

மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அதை முழுதாக உள்ளே விடாமல் தடுப்பது கல்லீரல். இரும்பு வந்ததும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்க, குடல் மறுநாள் கதவைப் பாதி சாத்திக்கொள்கிறது. 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வொன்றில், இருப்பு குறைந்த, ஆனால் சோகை இல்லாத பெண்களுக்கு 14 மாத்திரைகள் தரப்பட்டன. நாள்தோறும் உண்டவர்கள் உறிஞ்சியது 16.3 சதவீதம், மொத்தம் 131 மில்லிகிராம். ஒருநாள் விட்டு ஒருநாள் உண்டவர்கள் 21.8 சதவீதம், 175.3 மில்லிகிராம். மாத்திரைக்கு 34 சதவீதம் லாபம். ஆனால் முன்னவர்களுக்கு 14 நாள், பின்னவர்களுக்கு 28 நாள். நாளுக்கு என்று வகுத்தால் 9.4 மில்லிகிராமும் 6.3 மில்லிகிராமும். 442 மில்லிகிராமை அடைக்க முதல் முறையில் 47 மாத்திரை, 47 நாள். இரண்டாம் முறையில் 35 மாத்திரை, 70 நாள். மிச்சமாவது மாத்திரை, நேரம் அல்ல. வயிற்றுப் புரட்டலால் மாத்திரையை நிறுத்திவிடுபவருக்கு இரண்டாவது முறை உதவக்கூடும். பிரசவ நாளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு எது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மலையில் விளையும் இரண்டு பயிர்கள் இந்தக் கணக்கில் எதிரெதிர்ப் பக்கம் நிற்கின்றன. சோளக்காடு சந்தையில் குவியும் அன்னாசியில் 100 கிராமுக்கு வைட்டமின் சி சுமார் 36 மில்லிகிராம். பெண்ணின் தினசரித் தேவையான 65இல் பாதிக்கு மேல். வைட்டமின் சி தானியத்தின் இரும்பைக் குடல் ஏற்கும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. காப்பி வேறு பக்கம். 1983இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், உணவோடு குடித்த ஒரு கோப்பைக் காப்பி இரும்பு உறிஞ்சலை 39 சதவீதம் குறைத்தது. தேநீர் 64 சதவீதம். உணவுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்த காப்பியும் அதே அளவு குறைத்தது. ஒரு மணி நேரம் முன்பே குடித்த காப்பியால் குறைவு எதுவும் இல்லை.